ஓயாமல் ஓடும் ஃப்ளஷ் டேங்க்: உப்புத்தண்ணி ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற வேலந்தாவளம் போகிற வழியில் எங்கள் வீடு. நாலு பேர் இருக்கிறோம், மாடியில் 1000 லிட்டர் தொட்டி. ஒரு தடவை மோட்டார் போட்டால் இரண்டு நாள் தாங்கும். ஒரு சித்திரை மாதம், சாயங்காலம் நிரப்பிய தொட்டி மறுநாள் ராத்திரியே காலியாக ஆரம்பித்தது. எந்தக் குழாயிலும் சொட்டு இல்லை, சுவரில் ஈரம் இல்லை. போர்வெல் பைப் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்குகிறது என்று வீட்டுக்காரர் நினைத்தார். நான் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் குழாயைத் திறந்து விட்டுப் போகிறார்களோ என்று பார்த்தேன்.

கண்டுபிடித்தது அத்தை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவர் என்னை வந்து எழுப்பினார். "டாய்லெட்டுக்குள்ள யாரோ மூச்சு விடற மாதிரி கேக்குது கண்ணு, வந்து பாரு" என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். கோப்பையின் பின்பக்கத்தில், பீங்கானோடு ஒட்டி, விரல் அகலத்துக்குக் கண்ணாடித்தாள் போலத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கையை வைத்த பிறகுதான் அது ஓடுகிற தண்ணீர் என்றே தெரிந்தது.

மறுநாள் வந்த பிளம்பர் டேங்க் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள செட்டு மொத்தமும் போயி சேச்சி, மாத்தணும்" என்றார். மாற்றினோம். ஆறு மாதம் கழித்து அதே மூச்சுச் சத்தம். இரண்டாவது தடவை நானே திறந்தேன். உள்ளே கெட்டுப்போன பொருள் எதுவும் இல்லை. ஒரு ரப்பர் வாஷரின் மேல் ரவை அளவுக்கு உப்புத் துணுக்கு ஒன்று உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் நிறைய டேங்க் திறந்து பார்த்துவிட்டேன். மொத்த செட்டையும் மாற்றியே ஆகவேண்டியது மிகக் குறைவு. தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றாதீர்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் தண்ணீர் செய்கிற வேலை

பாலக்காடு என்றால் மழை ஊர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம், எருத்தேம்பதி, வடகரப்பதி, ஒழலப்பதி, கோபாலபுரம் வரைக்கும் இருக்கிறவர்களுக்கு நிஜம் தெரியும். மழை குறைவு, வயலுக்கு ஆழியாற்றுத் தண்ணீர், வீட்டுக்குப் போர்வெல். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது. எங்கள் பக்கத்து ஆறான சித்தூர்ப்புழைக்கு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி என்று அதில் இருக்கிறது, அந்தக் கணக்கைப் பற்றி ஒவ்வொரு கோடையிலும் பேச்சு எழும். அப்படிப்பட்ட ஊரில் நல்ல தண்ணீர் ராத்திரி முழுக்கச் செப்டிக் டேங்குக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வருகின்றன. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500இன்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பரிசோதனைக்கூடம்தான் வேண்டும் என்றில்லை. சோப்பு நுரைக்காமல் கையில் பிசுபிசுவென்று நிற்கிறதா? வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அதே வெள்ளைதான் ஃப்ளஷ் டேங்குக்குள் ஒவ்வொரு ரப்பர் விளிம்பிலும் படிகிறது. ரப்பர் விளிம்பு ஒரு மயிரிழை தூக்கி நின்றாலும் போதும், தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும்.

ஓடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கணக்கு பெரிதாக வரும். நிமிஷத்துக்குக் கால் லிட்டர் போனால் ஒரு நாளைக்கு 360 லிட்டர். எங்கள் தொட்டி ஏன் ஒரே நாளில் இறங்கியது என்பது அப்போதுதான் புரிந்தது.

மூடியைத் தூக்கினால் என்ன தெரியும்

பீங்கான் டேங்காக இருந்தால் மூடி கனமாக இருக்கும், வழுக்கும். நடுவில் பட்டன் உள்ள மூடியை அப்படியே இழுக்காதீர்கள். சிலவற்றில் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகிக் கழற்றிய பிறகே மூடி வரும். எடுத்த மூடியைத் தரையில் துணி விரித்து அதன்மேல் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்து உடைத்தவர்கள் உண்டு, மூடி மட்டும் தனியாகக் கிடைப்பது கஷ்டம்.

உள்ளே முக்கியமான பொருள்கள் மூன்றுதான். தண்ணீரை உள்ளே விடுகிற இன்லெட் வால்வு முதலாவது. அதோடு ஒரு மிதவை சேர்ந்திருக்கும். தண்ணீர் ஏறும்போது மிதவையும் ஏறி வால்வை மூடும். நடுவில் நிற்கிற தடித்த குழாய் போன்றது ஃப்ளஷ் வால்வு. பட்டனை அழுத்தினால் அது மேலே எழும், அடியில் இருக்கிற ரப்பர் அல்லது சிலிகான் வளையம் விலகித் தண்ணீர் கோப்பைக்குள் பாயும். மூன்றாவது ஓவர்ஃப்ளோ குழாய். பெரும்பாலும் ஃப்ளஷ் வால்வின் நடுத்தண்டே ஓவர்ஃப்ளோவாக இருக்கும், மேல்முனை திறந்திருக்கும். இன்லெட் வால்வு மூடாமல் தண்ணீர் ஏறிக்கொண்டே போனால் அந்தத் திறப்பு வழியாக உள்ளுக்குள்ளேயே கோப்பைக்கு இறங்கிவிடும். தரை நனையாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஒழுகுவது நம் கண்ணில் படாமல் போவதற்கும் அதுவே காரணம்.

ஆக, தண்ணீர் கோப்பைக்குப் போக இரண்டே வழி. மேலே ஓவர்ஃப்ளோ வழியாக வழிந்து போகலாம், அல்லது அடியில் வளையத்தின் இடுக்கில் கசிந்து போகலாம். மேலே வழிந்தால் குற்றம் இன்லெட் வால்வில். அடியில் கசிந்தால் குற்றம் ஃப்ளஷ் வால்வில்.

பென்சில் கோடும் சொட்டு நீலமும்

எதையும் கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனை.

டேங்க் நிரம்பி நிற்கும்போது ஓவர்ஃப்ளோவின் திறந்த முனையை உற்றுப் பாருங்கள். தண்ணீர் அதன் விளிம்பைத் தொட்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தால் விடை அப்போதே கிடைத்துவிட்டது, இன்லெட் வால்வுதான். விளிம்பு தண்ணீருக்கு மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றும் கோப்பையில் தண்ணீர் ஓடுகிறது என்றால் அடியில் சந்தேகம்.

உறுதிப்படுத்த, டேங்குக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கிற ஆங்கிள் வால்வை மூடுங்கள். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் டேங்கின் உட்சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக் கூடாது. திரும்பி வந்து பாருங்கள். தண்ணீர் கோட்டிலேயே நின்றால் அடி வளையம் நல்லபடியாக இருக்கிறது. கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் அடியில் கசிவு.

இறங்கிக்கொண்டே வந்து ஒரு மட்டத்தில் நின்றுவிட்டால் அதையும் கவனியுங்கள். அடி வளையம் கசிந்தால் தண்ணீர் அடிவரைக்கும் இறங்கும். நடுவில் நிற்கிறது என்றால் அந்த உயரத்தில் ஓவர்ஃப்ளோ குழாயில் விரிசலோ இணைப்பில் இடைவெளியோ இருக்கிறது.

இறக்கம் மிகக் கொஞ்சமாக இருந்து சந்தேகம் தீரவில்லையென்றால் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் கை கொடுக்கும். டேங்குத் தண்ணீரில் ஏழெட்டுச் சொட்டு விட்டுக் கலக்கிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். கோப்பைத் தண்ணீரில் நீலம் தெரிந்தால் கசிவு உண்டு. ஆங்கிள் வால்வு மூடியிருக்கும்போதே இதைச் செய்தால் மேலே வழிந்து வந்த நீலமோ என்ற குழப்பம் இருக்காது. ராத்திரி படுக்கும்போது நீலம் விட்டுக் காலையில் பார்ப்பது எனக்குப் பிடித்த முறை. ஒரு நாளைக்கு நாலு லிட்டர் போகிற கசிவுகூட அதில் மாட்டிக்கொள்ளும்.

எவ்வளவு போகிறது என்று தெரிய வேண்டுமா? டேங்கின் உள்நீளத்தையும் அகலத்தையும் அளந்து பெருக்குங்கள். 36 சென்டிமீட்டருக்கு 14 என்றால் 504. அதாவது ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட அரை லிட்டர். அரை மணியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் மணிக்கு ஒரு லிட்டர், நாளுக்கு 24 லிட்டர். இன்லெட் கசிவுக்கும் இதே அளவை உதவும். ஆங்கிள் வால்வை மூடி ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே வரும்வரை தண்ணீரை மொண்டெடுங்கள். மிதவையைக் கையால் மேலே முட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வைத் திறங்கள். மிதவை முழுக்கத் தூக்கியிருக்கும்போது ஒரு சொட்டும் வரக் கூடாது. வந்தால் ஒரு சென்டிமீட்டர் ஏற எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டே நிமிஷம்.

கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை டேங்க் தானாகச் சில நொடிகள் நிரம்பி நிற்கிற சத்தம் சில வீடுகளில் கேட்கும். யாரும் உள்ளே போகவில்லை, ஆனால் தண்ணீர் ஏறுகிறது. குழந்தைகள் பயப்படுவார்கள். அது அடிக் கசிவு. மட்டம் கொஞ்சம் இறங்கியதும் மிதவை வால்வைத் திறக்கிறது, நிரம்பியதும் மூடுகிறது.

மேலே வழிந்தால்

முதலில் மிதவையின் உயரத்தைப் பாருங்கள். பல டேங்குகளில் உட்சுவரில் நீர்மட்டக் கோடு பொறித்திருக்கும். இல்லாவிட்டால் ஓவர்ஃப்ளோ விளிம்புக்கு இரண்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்க வேண்டும். மிதவையை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் மிதவை இறங்கும். பழைய மாடலில் நீண்ட கம்பியின் நுனியில் பந்து இருக்கும். அந்தக் கம்பியை மெதுவாகக் கீழ்ப்பக்கம் வளைத்தால் போதும்.

அப்புறம் மிதவை தடையில்லாமல் அசைகிறதா என்று கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். டேங்க் சுவரிலோ ஃப்ளஷ் வால்விலோ உரசி மாட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். இன்லெட் வால்வை ஒரு சுற்று இறுக்கும்போது அதுவும் கூடவே திரும்பி மிதவை சுவரில் போய் மோதியிருக்கும். பந்து மிதவையாக இருந்தால் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் சளக் சளக் என்றால் அது ஓட்டை, மாற்றுவதுதான் வழி.

வால்விலிருந்து ஒரு மெல்லிய ட்யூப் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் போகிற மாடலும் உண்டு. கோப்பையில் நீர்மட்டத்தைச் சரிசெய்யத்தான் அந்த ட்யூப். யாராவது அதை ஓவர்ஃப்ளோவுக்குள் ஆழமாகச் செருகியிருந்தால், அதன் நுனி டேங்க் நீர்மட்டத்துக்குக் கீழே போய், தண்ணீரைத் தொடர்ந்து உறிஞ்சி இறக்கக்கூடும். நுனி ஓவர்ஃப்ளோவின் வாயருகே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே, க்ளிப்பில் மாட்டி நிற்க வேண்டும். இதைச் சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்து, மிதவையைத் தூக்கிப் பிடித்தும் தண்ணீர் வருகிறது என்றால் வால்வுக்குள் இருக்கிற வாஷர்தான். எங்கள் பக்கம் பத்துக்கு ஏழெட்டு இதுவாகத்தான் இருக்கும்.

ஆங்கிள் வால்வை மூடுங்கள். ஃப்ளஷ் செய்து டேங்க் தண்ணீரை இறக்குங்கள். இன்லெட் வால்வின் தலையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மேல் தொப்பியை மற்றக் கையால் இடப்பக்கம் திருகுங்கள். சில மாடலில் எட்டில் ஒரு சுற்றுத் திருகினாலே கழன்றுவிடும், சிலவற்றில் மரை முழுக்கச் சுற்ற வேண்டும். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது திரும்பப் பூட்டும்போது மறந்துபோகும்.

உள்ளே ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரிய ரப்பர் வட்டம் இருக்கும். அதை வெளிச்சத்துக்குப் பிடித்து விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துணுக்கும் விரலுக்குத் தெரியும். நடுவில் அல்லது ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். உப்பு அதில் அடைத்தால் வால்வு மூடவே மூடாது, ஏனென்றால் அந்தத் துளை வழியாக வருகிற தண்ணீரின் அழுத்தம்தான் ரப்பரை அழுத்தி வைக்கிறது. நூல் கோக்கிற ஊசியால் மெதுவாகக் குத்தி எடுங்கள், துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

ரப்பர் வெளியே இருக்கும்போதே வால்வுத் தலையின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ஆங்கிள் வால்வை அரைச் சுற்றுத் திறந்து பத்து நொடி விடுங்கள். பைப்பில் தங்கியிருக்கிற மணலும் துருவும் டம்ளரில் மோதிக் கீழே கொட்டும். டம்ளர் இல்லாமல் திறந்தால் தண்ணீர் கூரையில் போய் அடிக்கும். மோட்டார் பழுது பார்த்த பிறகோ தொட்டி கழுவிய பிறகோ கசிவு ஆரம்பித்திருந்தால் இந்த ஒரு வேலையிலேயே பாதி வீடுகளில் சரியாகிவிடும்.

அழுத்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடித் தொட்டியின் நீர்மட்டம் டேங்குக்கு மேலே எத்தனை மீட்டரோ அத்தனை பத்தில் ஒரு பார் அழுத்தம். மூன்று மீட்டர் உயரம் என்றால் 0.3 பார்தான். சில வால்வுகள் அதற்கு மேல் அழுத்தம் இருந்தால்தான் ஒழுங்காக மூடும். மாடி வீட்டு டாய்லெட்டில் வாஷர் புதிதாக இருந்தும் ஸ்ஸென்று கேட்டுக்கொண்டே இருந்தால் குறைந்த அழுத்தத்துக்கு என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அடியில் கசிந்தால்

பட்டனைச் சந்தேகப்படுங்கள் முதலில். அழுத்திய பட்டன் திரும்ப மேலே வராமல் மாட்டிக்கொண்டால் வளையம் உட்காராது. மூடியை எடுத்ததும் ஓட்டம் நின்றுவிடுகிறதா? அப்படியானால் பட்டனின் அடித்தண்டு நீளமாக இருந்து ஃப்ளஷ் வால்வை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டிருக்கிறது. தண்டு மரையில் ஏறி இறங்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும்படி குறைத்துவிடுங்கள்.

அது இல்லையென்றால் ஃப்ளஷ் வால்வைக் கழற்ற வேண்டும். கேட்கப் பயமாக இருக்கும், செய்வது சுலபம். ஆங்கிள் வால்வை மூடி, ஃப்ளஷ் செய்து, அடியில் தங்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். வால்வின் உடம்பைப் பிடித்து இடப்பக்கம் கால் சுற்றுத் திருகித் தூக்கினால் கையோடு வந்துவிடும். அடிப்பகுதி டேங்கிலேயே நிற்கும். வராவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். பக்கவாட்டில் அழுத்த வேண்டிய கொக்கி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையில் வந்ததைத் தலைகீழாகப் பிடியுங்கள். அடியில் தட்டையான வளையம் ஒன்று இருக்கும். என் கண்ணில் முதல் தடவை பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது: வெள்ளைச் சிலிகான் பழுப்பாகி, அதில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்து, பள்ளத்தின் ஓரிடத்தில் மட்டும் அரிசிக் குருணை போல உப்பு ஒட்டியிருந்தது. அந்த ஒரே இடத்துக்கு நேராகத்தான் கோப்பையில் தண்ணீர் இறங்கிய கோடும் இருந்தது.

வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள். டேங்குக்குள் வளையம் போய் உட்காரும் விளிம்பையும் விரலால் முழு வட்டம் தடவுங்கள். சொரசொரப்பு எங்கே தட்டுப்படுகிறதோ அங்கே வினிகரில் நனைத்த துணியை வையுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள், உப்புத்தாளும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஒரு கீறல் விழுந்துவிட்டால் அதுவே நிரந்தரக் கசிவாகிவிடும்.

வளையம் இன்னும் வளைந்துகொடுக்கிறது, பள்ளம் மட்டும் விழுந்திருக்கிறது என்றால் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் தட்டையாக ஒரே மாதிரி இருக்கிற வளையத்துக்கு மட்டும் இது பொருந்தும். அடுத்த வாரம் பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ போகும்வரை தாங்கும். விறைத்துப்போயிருந்தால், ஓரம் உப்பியிருந்தால், தொட்டால் கையில் கறுப்பு ஒட்டினால் புதிது வாங்குங்கள்.

கல்ஃபிலிருந்து வந்தவர்கள் அங்கே பார்த்த மாதிரி வைத்த டேங்குகளில் சங்கிலியில் தொங்குகிற ரப்பர் மூடி இருக்கும். அதில் சங்கிலிதான் பெரும்பாலும் பிரச்சினை. இறுக்கமாக இருந்தால் மூடி முழுக்க உட்காராது, தொளதொளவென்று இருந்தால் மூடிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். அரை அங்குலம் தளர்வு விட்டு மாட்டுங்கள்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் நீலம் இறங்கினால், டேங்கில் நிற்கிற அடிப்பகுதிக்குக் கீழே உள்ள பெரிய வாஷர் போயிருக்கலாம். அதற்கு டேங்கையே கோப்பையிலிருந்து கழற்றித் தூக்க வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பீங்கானில் நட்டை அதிகமாக முறுக்கினால் விரிசல் விடும். இந்த இடத்தில் பிளம்பரைக் கூப்பிடுவதுதான் புத்திசாலித்தனம்.

உப்பை எடுக்கும் விதம்

வினிகர் போதும். ஒரு கிண்ணத்தில் கழற்றிய பிளாஸ்டிக், ரப்பர் பொருள்கள் மூழ்கும் அளவுக்கு ஊற்றி முக்கால் மணி நேரம் விடுங்கள். சில நொடியிலேயே உப்புப் படிந்த இடத்திலிருந்து சோடா போலச் சின்னச் சின்னக் குமிழ்கள் கிளம்பும். குமிழ் வருவது நின்றால் ஒன்று உப்பு தீர்ந்தது, அல்லது வினிகரின் சக்தி தீர்ந்தது. தடவிப் பார்த்து, இன்னும் சொரசொரப்பு இருந்தால் புது வினிகர் மாற்றுங்கள். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து நல்ல தண்ணீரில் அலசுங்கள். சிட்ரிக் ஆசிட் தூள் கிடைத்தால் அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி கரைத்துக்கொள்ளலாம்.

டாய்லெட் கழுவுகிற ஆசிட்டை டேங்குக்குள் ஊற்றாதீர்கள். ரப்பரையும் உள்ளே இருக்கிற உலோகத் திருகுகளையும் அது தின்றுவிடும். அதைவிட முக்கியம், நம் பக்கம் கிணற்றிலும் தொட்டியிலும் ப்ளீச்சிங் பவுடர் போடுகிற வழக்கம் உண்டு. ப்ளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் க்ளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்னக் குளியலறையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். வினிகரும் ஆசிட்தான், அதற்கும் இது பொருந்தும். தொட்டியில் பவுடர் போட்ட நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

டேங்குக்குள் போடுகிற க்ளோரின் மாத்திரையும் வேண்டாம். ராப்பகலாக அந்தத் தண்ணீரிலேயே ஊறி ரப்பர் சீக்கிரம் விறைத்துவிடும். வாஷர் வழுவழுப்பாக உட்காரட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனால் பல ரப்பர் வகைகள் எண்ணெயில் உப்பி உருவம் மாறிவிடும். ஒன்றும் தடவாமல் பூட்டினாலே போதும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பழைய பொருளைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். போட்டோ போதாது, உயரமும் மரையும் போட்டோவில் தெரியாது. இன்லெட் வால்வு டேங்கின் பக்கவாட்டில் நுழைகிறதா, அடியில் நுழைகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மரை பெரும்பாலும் அரை அங்குலம். எங்கள் பக்கம் கடைக்குக் கடை பேச்சு மாறும். "பால் வால்வு" என்று கேட்டால் பைப்பில் போடுகிற கால் சுற்று வால்வை எடுத்துத் தருவார்கள், வெறுமனே "ஃப்ளோட் வால்வு" என்றால் மாடித் தொட்டிக்கானது வரும். "ஃப்ளஷ் டேங்க் இன்லெட்" என்று சொன்னால் எல்லையின் இரண்டு பக்கமும் சரியானது கிடைக்கிறது.

மாற்றும் முறை இது. ஆங்கிள் வால்வை மூடி டேங்கைக் காலி செய்யுங்கள். அடியில் ஒரு வாளி வைத்து கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றுங்கள். டேங்குக்கு வெளியே இருக்கிற நட்டைத் திருகும்போது உள்ளே வால்வை மறு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். புது வால்வின் ரப்பர் வாஷர் டேங்கின் உட்பக்கம் வர வேண்டும். நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, அதன் பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். ரப்பர் வாஷர் இருக்கிற இணைப்பில் டெஃப்ளான் டேப் சுற்றாதீர்கள், வாஷர் சரியாக உட்காராமல் அதுவே கெடுத்துவிடும். ஆங்கிள் வால்வு சுவருக்குள் நுழைகிற மரைக்குத்தான் டேப்.

உப்புத்தண்ணி ஊரில் ஒரு தொல்லை, ஆங்கிள் வால்வே மூட மாட்டேன் என்னும். வருஷக்கணக்காகத் தொடாத வால்வைக் கட்டிங் ப்ளேயரால் முறுக்கினால் தண்டு முறிந்து, சாதாரண வேலை அவசர வேலையாகிவிடும். முதலில் மாடித் தொட்டியின் அடி வால்வை மூடிவிட்டு, இங்கே முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். இனிமேல் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆங்கிள் வால்வை முழுக்க மூடித் திறந்து வையுங்கள்.

வேறு மாதிரி டேங்குகள்

சுவரில் மாட்டுகிற பிளாஸ்டிக் டேங்குகளில் பல சைஃபன் வகை, அதாவது வளைந்த குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சி இறக்குகிறவை. அதில் அடியில் வளையமே இல்லை, அதனால் ஓட்டம் என்றாலே சந்தேகம் இன்லெட் மேல்தான். சிலவற்றில் ஓவர்ஃப்ளோ டேங்குக்கு வெளியே பக்கவாட்டில் சின்னக் குழாயாக நீட்டிக்கொண்டிருக்கும், தரையில் சொட்டும். ஃப்ளஷ் செய்த பிறகு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், தண்ணீர் வேகமாக உள்ளே வருவதால் சைஃபன் காற்று வாங்கி அறுபட முடியவில்லை என்று அர்த்தம். ஆங்கிள் வால்வை முக்கால் பங்கு மூடி வைத்துப் பாருங்கள், நின்றுவிடும்.

சுவருக்குள் புதைத்த டேங்க் என்றால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. பட்டன் பலகையைக் கழற்றினால் அந்த ஜன்னல் வழியாகவே வால்வுகள் இரண்டும் கைக்கு வரும். இடம் குறுகல், பொருளைத் தவறவிட்டால் எடுப்பது சிரமம். உள்ளே ஒரு துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

எதைச் செய்து முடித்தாலும் ஆங்கிள் வால்வை மெதுவாகத் திறந்து, டேங்க் நிரம்பி நிற்கட்டும். இணைப்புகளைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள், ஈரப்பொட்டு விழுந்தால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். நாலைந்து தடவை ஃப்ளஷ் செய்து ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கவனியுங்கள். அன்று ராத்திரி கடைசியாக உபயோகித்த பிறகு சொட்டு நீலம் விட்டு, ஆங்கிள் வால்வை மூடி, புதிதாக ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுப் படுங்கள். காலையில் கோப்பைத் தண்ணீர் நீலம் கலக்காமலும் டேங்க் தண்ணீர் கோட்டிலும் நின்றால் அடி வளையத்தைப் பற்றிய கவலை தீர்ந்தது. பிறகு வால்வைத் திறந்து விட்டு, அடுத்த ராத்திரி ஓவர்ஃப்ளோ விளிம்பை டார்ச் அடித்து ஒரு தடவை பாருங்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆவணியிலும் மாசியிலும், அந்த வாஷரும் வளையமும் வினிகர் கிண்ணத்துக்குப் போகின்றன. அத்தை ராத்திரி எழுந்தால் இப்போதும் அந்தக் கதவருகே ஒரு நிமிஷம் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.